துறை பார்த்துப் போங்கள்: மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் ஆறுதலாக ஒரு சைக்கிள் பயணம்

கொழும்பில் வேலை செய்யும் ஒரு தம்பியின் கேள்வி இது: "நானும் மனைவியும் மாசிக் கடைசியில் 4 நாள் மட்டக்களப்பு வருகிறோம். சைக்கிளில் ஊர் ஊராக ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க ஆசை. இருவரும் பெரிய ஓட்டக்காரர்கள் இல்லை. பிரதான வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே ஓட விருப்பமில்லை. எங்கே தொடங்குவது? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? எந்தச் சைக்கிள்?"

தம்பி, நான் களுதாவளையில் பிறந்தவன். பாருக்கு (குறுக்குக் கம்பிக்கு) கீழால் காலை விட்டு அப்பாவின் சைக்கிளை உழக்கப் பழகிய நாளிலிருந்து வாவியின் இரண்டு கரையிலும் ஓடித் திரிகிறேன். தூரத்தைப் பற்றிய கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

கிலோமீட்டரை மறந்துவிட்டுத் துறையை, அதாவது வாவியைக் கடக்கும் இடத்தை, நினையுங்கள். மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்கு நெடுகக் கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை, அதாவது சூரியன் எழும் கரை. வாவிக்கு மேற்கே படுவான்கரை, சூரியன் படும் கரை. கச்சேரி (மாவட்டச் செயலகம்), ஆஸ்பத்திரி, கடைத்தெரு, கல்முனை வீதி எல்லாம் எழுவான்கரையில். வயல், மாடு, குளம், காடு எல்லாம் படுவான்கரையில். நீங்கள் தேடுகிற அமைதியான வீதிகளில் பெரும்பாலானவை அந்த மேற்குக் கரையில்தான் இருக்கின்றன. ஆனால் நினைத்த இடத்தில் வாவியைக் கடந்துவிட முடியாது. வடக்கிலிருந்து தெற்காக எண்ணினால் வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் போகும் துறை, பட்டிருப்புப் பாலம், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் துறை. உங்கள் பயணத்துக்கு இந்த ஐந்தும் போதும். ஒரு துறையால் அக்கரைக்குப் போய், அடுத்த துறையால் இக்கரைக்குத் திரும்புங்கள். அதுதான் ஒரு நாள் ஓட்டம். கணக்குப் பார்த்தால் 25, 30 கிலோமீட்டர் வரும். வந்த வழியால் திரும்ப வேண்டியதும் இல்லை.

30 கிலோமீட்டர்தானா என்று நினைக்காதீர்கள். ஆறுதலாக உழக்கினால் மணிக்கு 10, 12 கிலோமீட்டர். சக்கரம் சுழலும் நேரம் மூன்று மணி. கோயில், தேத்தண்ணி, மர நிழல், வழி கேட்டு நின்ற இடத்தில் தொடங்கும் கதை எல்லாம் சேர்ந்து இன்னொரு மூன்று மணியைத் தின்றுவிடும். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டவர்களுக்கு அப்போதே வெயில் உச்சிக்கு வந்திருக்கும்.

துறை என்று சொன்னேன். ஊரில் அதைக் கடக்கும் மிதவையைப் "பாதை" என்பார்கள். வெளியூர் ஆட்களுக்கு இந்தச் சொல் குழப்பம் தரும். "பாதையால போங்க" என்றால் வீதியைத் தேடாதீர்கள், தண்ணீருக்குப் பக்கம் போங்கள். மண்முனையிலும் 2014 வரைக்கும் பாதைதான் ஓடியது. ஜப்பானின் உதவியோடு கட்டிய பாலம் அந்த ஆண்டு திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனங்களுக்கு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கிட்ட வந்தன. பாலம் வந்தது பெரிய நன்மை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. என்றாலும் உங்களைப்போல ஆறுதலாகச் சுற்ற வருகிறவர்கள் ஒரு தடவையாவது பாதையில் ஏறித்தான் ஆகவேண்டும்.

காலை ஏழு மணிக்குக் குருக்கள்மடத் துறையில் போய் நின்றுபாருங்கள். பாதை அக்கரையில் நிற்கும். தட்டையான தளம், ஓரத்தில் கைப்பிடிக் கம்பி, பின்னால் இயந்திரம். அது கிளம்பி வரும்வரை கரையில் ஒவ்வொருவராகச் சேர்வார்கள். படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ரீச்சர்மார் குடையோடு வருவார்கள். கரியரில் இரண்டு மூட்டை தவிடு கட்டிய ஒருவர் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெற்றிலைக் கட்டை மடியில் வைத்திருக்கும் ஒரு அம்மா உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு "எங்க இருந்து வாறீங்க மனே?" என்று தொடங்குவார். பாதை கரையை முட்டி நின்றதும் மோட்டார் சைக்கிள்கள் முதலில் ஏறும். அவை ஏறி முடியட்டும். பிறகு நீங்கள் ஏறி, சைக்கிளை ஸ்டாண்டில் விடாமல் ஹாண்டிலைப் பிடித்தபடி பக்கத்தில் நில்லுங்கள். தளம் ஆடும்போது ஒரு சைக்கிள் விழுந்தால் பக்கத்தில் நிற்கும் நான்கும் சேர்ந்து விழும். நடு வாவிக்கு வந்ததும் காற்று குளிரும். வலைக் கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கும். பின்னால் எழுவான்கரைத் தென்னைகளுக்கு மேலே சூரியன். முன்னால் படுவான்கரை முழுவதும் அந்த வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே எத்தனையோ தடவை தேவையில்லாமல் பாதை ஏறியிருக்கிறேன்.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பாதையை முதலில் வையுங்கள், பாலத்தைத் திரும்பிவர வையுங்கள். காலையில் வாவி அமைதியாக இருக்கும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதோடு பாலம் எங்கேயும் போகாது, பாதை போய்விடும். ஒரு தடவை நானும் நண்பனும் பட்டிருப்புப் பாலத்தால் போய், மண்டூர்க் கோயிலில் கொஞ்சம் கூட நேரம் இருந்துவிட்டோம். துறைக்கு வந்தபோது கடைசிப் பாதை போய்விட்டது. அக்கரையில் குருமண்வெளியின் விளக்குகள் கூப்பிடு தூரத்தில் தெரிந்தன. எங்களுக்கோ போரதீவு வழியாகச் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்துக்கு வருவதைத் தவிர வழியில்லை. இருட்டில், ஒரு ரோச்சு வெளிச்சத்தில், யானைப் பயத்தோடு வந்தோம். அன்றிலிருந்து பாதைதான் முதலில். காற்று மழைக் காலத்தில் பாதை நின்றுவிடுவதும் உண்டு. அதனால் முதல் நாள் பின்னேரமே "நாளைக்குப் பாதை ஓடுமா?" என்று ஊரில் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி நாட்களைப் பிரிக்கலாம். முதல் நாள் சைக்கிளும் நீங்களும் பழகுவதற்கு. தங்குமிடம் பெரும்பாலும் நகரத்திலும் கல்லடியிலும்தான் கிடைக்கும். கல்லடியில் தங்கினால் 1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தால் நகரத்துக்கு வாருங்கள். 2013 இல் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்களின் இரைச்சல் பழைய பாலத்தை விட்டுப் போய்விட்டது. வாவிக்குள்ளிருந்து மீன் பாடும் என்ற கதை இந்த இடத்துக்கு உரியது. பௌர்ணமி இரவில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் மேல்நுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். நகரத்தைத் தாண்டி வலையிறவுப் பாலம் ஏறி இறங்கினால் வவுணதீவு. அங்கிருந்து ஈச்சந்தீவு, கன்னன்குடா என்று வயலும் வாவியும் மாறி மாறி வரும் ஊர்கள். கன்னன்குடா கூத்துக்குப் பெயர்போன ஊர். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு மரபும் இந்தப் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பேராசிரியர் மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வுசெய்து எழுதியவர், தானும் ஆடியவர். அவர் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வந்தால் வட்டக்களரி (கூத்தாடும் வட்ட மேடை) போட்ட வெறும் கோயில் முற்றம்கூட வேறு மாதிரித் தெரியும். அறுவடை முடிந்த மாதங்களில் கூத்துப் பழகுவார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைப் பற்றி யாரிடமாவது கேட்டால் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

இரண்டாம் நாள் எனக்கு மிகவும் பிடித்த சுற்று. கல்லடியிலிருந்து தெற்கே குருக்கள்மடம் வரை கல்முனை வீதியால் போகாதீர்கள். கடற்கரைப் பக்கமாக உள்ள வீதிகளும் ஒழுங்கைகளும் ஊருக்கு ஊர் தொடுத்துக்கொண்டு போகும். சில இடங்களில் மணல் மூடியிருக்கும், இறங்கித் தள்ளுங்கள். சில இடங்களில் தொடர்பு அறுந்து, கொஞ்சத் தூரம் பிரதான வீதிக்கு ஏறி மீண்டும் இறங்க வேண்டியிருக்கும். காத்தான்குடியில் மட்டும் வேண்டுமென்றே பிரதான வீதிக்கு ஏறுங்கள். வீதி நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்சை மரங்களைப் பார்க்காமல் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் போவதைத் தவிர்த்தால் உங்களுக்கும் ஊருக்கும் வசதி.

குருக்கள்மடத்தில் பாதை ஏறி அம்பிளாந்துறையில் இறங்கியதும் காதில் முதலில் படுவது சத்தமில்லாமைதான். வீதி நேராக வயலுக்குள் போகும். இரண்டு பக்கமும் வட்டை. எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். மாசிக் கடைசியில் பெரும்போக வெட்டு நடக்கும் காலம். வெட்டும் மெசின் ஒரு பக்கம், நெல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) ஒரு பக்கம், வைக்கோல் வாசம் எங்கும். வீதியில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். மற்றப் பாதியில் வாகனம் வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கும் ஆள் நிமிர்ந்து பார்ப்பார், அங்கே ஒரு கதை தொடங்கும். நான் படுவான்கரையில் சம்பாதித்த சிநேகிதங்களில் பாதி இப்படி நெல்லுக்கு ஓரமாக இறங்கி நின்றதால் வந்தவை.

அரசடித்தீவு தாண்டி வடக்கே போனால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் உள்ள கல் நந்தியின் கதையைக் கேட்டுப் பெறுங்கள். பறங்கியர் (போர்த்துக்கேயர்) முன்னால் கல் நந்தி எழுந்து புல்லுத் தின்று சாணம் போட்டது என்ற கதைதான். ஆனால் ஒவ்வொருவர் சொல்லும்போதும் ஒவ்வொரு அழகு. கோயிலுக்குள் போக ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். கால்சட்டையோடு ஓடுகிறவர் என்றால் பையில் ஒரு சாரம் அல்லது வேட்டி இருக்கட்டும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன் போய்ச் சேருங்கள்.

அங்கிருந்து மண்முனைப் பாலத்துக்கு வரும் வழியில் மகிழடித்தீவு. சந்தியில் ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. 1991 ஜூன் 12 ஆம் திகதி இந்த ஊரிலும் பக்கத்து முதலைக்குடாவிலும் கொல்லப்பட்ட ஊர்ச்சனங்களுக்கானது. அதற்கு முன் 1987 ஜனவரியிலும் இதே பக்கத்தில் இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும் ஊரவர்களும் கொல்லப்பட்டார்கள். சைக்கிளிலிருந்து இறங்குங்கள். பெயர்களைப் படியுங்கள். ஒரே வீட்டுப் பெயர்கள் அடுத்தடுத்து வரும். நீங்களாக யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். சொல்ல விரும்புகிறவர்கள் தாங்களாகவே வந்து பக்கத்தில் நின்று சொல்வார்கள். அப்போது அவசரப்படாமல் கேளுங்கள். காரில் போகிறவர்கள் இந்தச் சந்தியை அரை நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் மண்டூர். கல்லடியிலிருந்து தூரம் என்பதால் ஒரு பட்டா (சின்ன லொறி) பிடித்து சைக்கிள்களை ஏற்றிக் குருமண்வெளிக்கு வந்துவிடுங்கள். பாதையால் அக்கரை இறங்கினால் மண்டூர் முருகன் கோயில். சின்னக் கதிர்காமம் என்பார்கள். ஆவணித் திருவிழாவின்போது வந்தால் துறையில் சனம் நெரிபடும், மாசியில் கோயில் முற்றம் உங்களுக்கே. பிறகு வயல் வழியாகப் பழுகாமம், பெரியபோரதீவு, பட்டிருப்புப் பாலம், களுவாஞ்சிகுடி. இந்தச் சுற்றில் வழி கேட்கத்தான் வேண்டும். கைபேசி வரைபடம் வயல் வரம்பைக்கூட வீதி என்று காட்டும். ஆனால் சொல்லும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். "வாய்க்கால் கட்டால போய் ஆலமரத்தடியில கிறுகு மனே, மறுகா கோயில் வரும்" என்பார்கள். கிறுகு என்றால் திரும்பு, மறுகா என்றால் பிறகு. "இன்னும் ரெண்டு கட்டை இருக்கும்" என்றால் இரண்டு மைல், மூன்று கிலோமீட்டருக்கு மேல். பெரியவர்கள் இன்னும் கட்டைக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

நாய்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர் நாய் ஓடும் சைக்கிளைத்தான் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும்.

இப்போது சைக்கிள். இந்த நிலத்தில் ஏற்றம் என்பது பாலத்தில் ஏறுவது மட்டும்தான். கியர் இல்லாத சாதாரண லுமாலா சைக்கிள் போதும். மட்டக்களப்பில் சில விடுதிகள் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கின்றன. எடுப்பதற்கு முன் மூன்று விசயம் பாருங்கள். பிரேக் இரண்டும் பிடிக்கிறதா? கரியர் ஆடாமல் நிற்கிறதா? இருக்கை உயரம் சரியா? பெடல் அடிமட்டத்துக்கு வரும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடிந்திருந்தால் இருக்கையை உயர்த்துங்கள். பலருக்கு முழங்கால் நோவது தாழ்ந்த இருக்கையால்தான். டயர் கொஞ்சம் அகலமாக இருப்பது நல்லது. காபட் வீதி முடிந்து கிரவல் தொடங்கும்போது ஒடுங்கிய டயர் கூழாங்கல்லில் வழுக்கும். கிரவலில் பிரேக்கை, அதுவும் முன் பிரேக்கை, வெட்டென்று பிடிக்காதீர்கள். பம், ஒரு உபரி டியூப், ஒட்டுப் போடும் சாமான் கொண்டுபோங்கள்.

ஒட்டுப் போடுவதை நான் சரியாகக் கற்றது பழுகாமத்துக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டிலில். பின் சக்கரம் காற்றுப் போய்த் தள்ளிக்கொண்டு வந்தேன். கடைக்கார ஐயா ஒரு பழைய கரண்டிக் காம்பால் டயரைக் கழற்றி, டியூப்புக்குக் காற்றடித்து, கடைக்கு முன்னால் ஓடிய வாய்க்காலில் அமுக்கினார். முதலில் ஒன்றும் இல்லை. மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் நூல்போலக் குமிழி எழுந்தது. அந்த ஓட்டையில் ஒரு ஈர்க்கைக் குத்தி அடையாளம் வைத்தார். துடைத்து, அரத்தால் உரசி, சொலூசன் பூசிவிட்டு ஒட்டை வைக்காமல் வெற்றிலை போடத் தொடங்கினார். எனக்கோ அவசரம். "பொறு மனே" என்றார். சொலூசன் மினுமினுப்புப் போய், விரலால் தொட்டால் விரலில் வராமல் நின்றபோதுதான் ஒட்டை வைத்து அழுத்தினார். அப்புறம் டயரின் உட்புறம் முழுவதும் விரலை மெல்ல ஓட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றார். நெருஞ்சி முள். அதை எடுக்காமல் டியூப்பை மட்டும் ஒட்டியிருந்தால் அடுத்த கட்டைக்குள்ளேயே திரும்பவும் காற்றுப் போயிருக்கும். போகும்போது பழைய டியூப்பில் நீளமாக ஒரு துண்டு வெட்டிக் கையில் தந்தார். "கரியரில கட்ட உதவும்." அதற்குக் காசு வாங்கவில்லை. அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

காலம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். நீங்கள் தேர்ந்த மாசிக் கடைசி மிக நல்ல காலம். மாரி மழை ஓய்ந்து, வீதி காய்ந்து, குளங்களில் தண்ணீர் நிற்கும். கார்த்திகை, மார்கழியில் வந்தால் தாம்போதிகளுக்கு, அதாவது தண்ணீர் குறுக்கிடும் இடத்தில் தாழ்வாகக் கட்டிய வீதித் துண்டுகளுக்கு, மேலால் வெள்ளம் பாயும். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று சைக்கிளை இறக்குகிறவர்களை அது இழுத்துப்போகும். பாயும் தாம்போதியில் ஒருபோதும் இறங்காதீர்கள். வைகாசி முதல் ஆடி வரை கச்சான். மேற்கிலிருந்து மலை தாண்டி இறங்கும் வரண்ட காற்று, உடம்பை வாட்டி எடுக்கும். அந்தக் காலத்தில் வந்தே ஆகவேண்டும் என்றால் விடிய வெள்ளெனப் படுவான்கரைக்குப் போய்விடுங்கள். கச்சான் எழும்பும்போது திரும்பினால் அது முதுகில் தள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். எதிரே உழக்கினால் அரைக் கட்டைக்கே நாக்கு வரளும். வைகாசியில் ஒரு நன்மையும் உண்டு. கண்ணகி அம்மன் கோயில்களில் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்குக் காலம் அது. ஊர் ஊராகக் கண்ணகி வழக்குரைப் பாடல் கேட்கும்.

மாசியிலும் பத்தரை மணிக்குப் பிறகு வெயில் வெயில்தான். ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர் வேண்டும், ஊர்க் கடைகளில் நிரப்பிக்கொள்ளலாம். பையில் இரண்டு ஜீவனிப் பக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) இருக்கட்டும். தலையிடியும் களைப்பும் சேர்ந்து வந்தால் அதைக் கரைத்துக் குடித்து நிழலில் இருங்கள். வீம்புக்கு உழக்காதீர்கள். நடக்க முடியாவிட்டால் நெல் ஏற்றப் போகும் எந்த லாண்ட்மாஸ்டரையும் மறிக்கலாம், சைக்கிளோடு ஏற்றிக்கொள்வார்கள்.

யானை விசயத்தில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேளுங்கள். வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பகுதிகளின் மேற்குப் புறத்தில் யானையால் ஆட்கள் சாவது செய்தித்தாளில் அடிக்கடி வரும் விசயம். உன்னிச்சைக் குளம், தாந்தாமலை, நவகிரிக் குளம் எல்லாம் அழகான இடங்கள்தான். ஆனால் உங்கள் முதல் பயணத்தில் அவை வேண்டாம். போகத்தான் வேண்டுமென்றால் ஊர் ஆள் ஒருவரோடு, வெயில் ஏறிய பிறகு போய், பின்னேரம் மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள். வாவியோரச் சுற்றுகளிலும் கடைசிக் கடையில் "ஆனை இறங்கியிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் முன்னே போக வேண்டும். நாலு மணிக்கு எழுவான்கரையில் இருங்கள். வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு, குளிக்க இறங்காதீர்கள். ஊரவர் குளிக்கும் துறை என்றால் அவர்களைக் கேட்டுவிட்டு இறங்கலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். காலையில் பிட்டும் தயிரும் கிடைத்தால் மத்தியானம் வரை வயிறு கேட்காது. வாவி இறாலும் கொடுவாயும் கறியாகக் கிடைக்கும் நாள் நல்ல நாள். படுவான்கரை ஊர்களில் பெரிய சாப்பாட்டுக் கடை குறைவு. கொக்கட்டிச்சோலை, களுவாஞ்சிகுடி மாதிரி இடங்களில் மத்தியானத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வாங்க என்று கூப்பிட்டால் போங்கள். மட்டக்களப்பில் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் சொல்லிச் சிரிப்பார்கள். பாய் போட்டு இருத்தி, சாப்பிடாமல் எழும்ப விடாத உபசாரத்தைத்தான் நான் அந்தச் சொல்லில் காண்கிறேன். காசு கொடுக்காதீர்கள், மனம் நோகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அடுத்த கடையில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அம்பாறைப் பக்கமும் போகலாமா என்று நினைப்பீர்கள். 4 நாளில் வேண்டாம். கல்முனைப் பக்கத்திலிருந்து தெற்கே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் கடற்கரை நெடுக வேறொரு பயணமே இருக்கிறது. மருதமுனையில் கைத்தறிச் சத்தம் கேட்டபடி தொடங்கி, சுவாமி விபுலாநந்தர் 1892 இல் பிறந்த காரைதீவு, கடலைப் பார்த்து நிற்கும் திருக்கோவில் முருகன், அப்பால் பொத்துவில், பாணமை என்று ஒரு கிழமை வேண்டும். இந்தத் தடவை கல்லடி சிவானந்தாப் பள்ளிக்கூடத்தில் சுவாமியின் சமாதியை மட்டும் பார்த்துவிடுங்கள். அது உங்கள் முதல் நாள் வழியிலேயே வருகிறது.

நாலாம் நாளுக்கு நான் சுற்று எதுவும் போடவில்லை. அதற்குள் உங்களுக்கென்று ஒரு ஊர் பிடித்திருக்கும், யாராவது திரும்ப வரச் சொல்லியிருப்பார்கள். அங்கேயே காலையில் போய்விட்டு வாருங்கள். வரும்போது படுவான்கரையில் மண்சட்டித் தயிர் வாங்குங்கள், எருமைத் தயிர்தான் கெட்டியாக இருக்கும். சட்டியைக் கரியரில் நேராக வைத்தால் கிரவலில் வெடிக்கும். ஒரு பிடி வைக்கோல் கேட்டு வாங்கி, சும்மாடுபோல வட்டமாகத் திரித்துக் கரியரில் வையுங்கள். அதன்மேல் சட்டி. வாயை மூடிய தாளுக்கு மேல் வாழையிலை. பழைய டியூப் துண்டைக் குறுக்காக இரண்டு தரம், சுற்றி ஒரு தரம் இழுத்துக் கட்டுங்கள். கயிறு இளகும், டியூப் இளகாது. இப்படிக் கட்டிய சட்டி மண்முனைப் பாலத்தால் கல்லடி வரை ஒரு சொட்டு சிந்தாமல் வந்திருக்கிறது. கொழும்புக்கு இரவு ரயிலில் போவதென்றால் அதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.